வறண்ட மண்ணில் பெருவெள்ளம்
(பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்)

முன்னுரை

மழை வேண்டி வானத்தை நோக்கும் மக்கள் ஒருபுறம். மழையை நிறுத்த வேண்டி அதே வானத்தை நோக்கும் மக்கள் மறுபுறம். இவ்விரு நிலைகளும் வெவ்வேறு நாடுகளுக்கு உரியவை என்று நாம் எண்ணுகிறோம். தருமபுரி மாவட்டம் வறட்சிக்கு உரியது, கடலூர் வெள்ளத்திற்கு உரியது என்பது நம் பொதுக் கருத்து. பள்ளிப் பாடநூல் முதல் நாளேட்டுச் செய்தி வரை இக்கருத்தே நிலவி வந்துள்ளது. ஆயினும் 2024 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் முதல் இரண்டு நாள்கள் இக்கருத்தைப் பொய்ப்பித்தன. வறண்ட மண்ணுக்கும் வெள்ளம் உண்டு என்பதையும், அவ்வெள்ளம் ஆற்றங்கரை ஊர்களின் வெள்ளத்தைக் காட்டிலும் விரைவானது என்பதையும் அந்நாள்கள் உணர்த்தின.

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழை உயிர் காப்பது என்று கூறிய அதே அதிகாரத்தில், கெடுக்கும் ஆற்றலும் மழைக்கு உண்டு என்பதையும் அவர் கூறத் தவறவில்லை. இவ்விரண்டையும் ஒருசேர நினைவில் கொள்வதே அறிவுடைமை. பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தையும் அதன் வாணியாற்றையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, பெருமழை எவ்வாறு உருவாகிறது, அது எவ்வாறு வெள்ளமாகிறது, அதனின்று காத்துக்கொள்வது எங்ஙனம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெப்பமண்டல மழையின் இயல்பு

நிலநடுக்கோட்டிற்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ இருபத்து மூன்றரைப் பாகை வரை பரந்துள்ள நிலப்பகுதியை வெப்பமண்டலம் என்பர். தமிழகம் முழுவதும் இம்மண்டலத்துள் அடங்கும். இங்குக் கதிரவனின் வெப்பம் கடல்நீரைப் பேரளவில் ஆவியாக்குகிறது. அவ்வாவி மேலெழுந்து குளிர்ந்து நீர்த்துளியாகும்போது, தன்னுள் அடக்கி வைத்திருந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. அவ்வெப்பம் காற்றை மேலும் உயரத் தூக்குகிறது. உயர்ந்த காற்றின் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து மேலும் ஈரக்காற்று வருகிறது. தன் எரிபொருளைத் தானே இழுத்துக்கொள்ளும் இயந்திரம் போன்றது இது. ஆதலால்தான் ஐரோப்பிய நாடுகளில் பல வாரங்கள் தூறித் தீர்க்கும் மழையை, நம் நாட்டு வானம் ஒரே இரவில் கொட்டிவிடுகிறது.

கடலின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருக்குமானால் புயல் உருவாகும் வாய்ப்பு மிகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வங்கக் கடல் இந்நிலையில் இருப்பது வழக்கம். உலகின் வெப்பம் உயர்ந்துவருவதும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால், அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 விழுக்காடு உயரும் என்பது இயற்பியல் விதி. முன்னினும் மிகுதியாக நீரைச் சுமந்துவரும் காற்று, கொட்டும்போதும் மிகுதியாகவே கொட்டும்.

மழையின் அளவைக் குறிக்க நம் வானிலை ஆய்வுத் துறை சில வரையறைகளைக் கொண்டுள்ளது. இருபத்து நான்கு மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேற்பட்டால் அதி கனமழை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அன்றாடம் கேட்கும் இச்சொற்கள் அலங்காரச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் ஓர் அளவு உண்டு என்பதை மாணவர் மனத்தில் இருத்துதல் நலம்.

வாணியாறும் அதன் நிலமும்

பாப்பிரெட்டிப்பட்டியின் தெற்கே அரண்போல நிற்பது சேர்வராயன் மலைத்தொடர். ஏற்காடு அமைந்துள்ள இம்மலை கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுடையது. இம்மலையில் தோன்றும் வாணியாறு வடபுறமாக இறங்கிப் பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியை நனைத்து, அரூர்ப் பகுதியைக் கடந்து, தென்பெண்ணையுடன் கலக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டிக்கு அருகே முள்ளிக்காடு என்னுமிடத்தில் இவ்வாற்றின் குறுக்கே வாணியாறு அணை கட்டப்பட்டுள்ளது. அணையின் முழு நீர்மட்டம் 65 அடியளவினது. இதன் கால்வாய்களும், அவற்றால் நிரம்பும் ஏரிகளும் பத்தாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற்கு உயிர்நாடியாக விளங்குகின்றன.

இவ்வட்டார உழவர் நெல்லும் கரும்பும் மஞ்சளும் மரவள்ளியும் பயிரிடுவோர். அணை நிரம்பிற்றா, நிரம்பவில்லையா என்பதே ஆண்டுதோறும் அவர்களின் முதல் கேள்வி. மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 850 மில்லிமீட்டர் அளவினதே. பல ஆண்டுகளில் அதுவும் பொய்ப்பதுண்டு. ஆறு என்று பெயர் பெற்றிருப்பினும் ஆண்டின் பெரும்பகுதி வாணியாறு மணலும் கல்லுமாகவே காட்சியளிக்கும். நீரோடாத ஆற்றைக் காணும் கண்களுக்கு அது ஆறாகத் தோன்றுவதில்லை. வெறும் நிலமாகவே தோன்றுகிறது. இவ்வட்டாரத்தின் வெள்ள ஆபத்து இத்தோற்ற மயக்கத்திலிருந்தே தொடங்குகிறது.

2024 டிசம்பரில் நிகழ்ந்தது

2024 நவம்பர் இறுதியில் வங்கக் கடலில் உருவான புயலுக்கு, சவுதி அரேபியா முன்மொழிந்த பெயர்களுள் ஒன்றாகிய ‘ஃபெஞ்சல்’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. நவம்பர் 30 ஆம் நாள் இரவு அது புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்த புயல்கள் பொதுவாக விரைந்து உள்ளே சென்று வலுவிழந்துவிடும். இதுவோ புதுச்சேரிக்கு அருகிலேயே பல மணி நேரம் ஏறக்குறைய நகராமல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் பெய்த மழை 50 சென்டிமீட்டரை எட்டியது.

இதுவரை கேட்ட கதை கடற்கரைக்கு உரியது. அடுத்த நாளின் கதை உள்நாட்டிற்கு உரியது. வலுக்குறைந்த அம்மண்டலம் மேற்கு நோக்கி மெல்ல நகர்ந்தது. காற்றின் வேகம் தணிந்தமையால் புயல் ஓய்ந்தது என்று பலர் எண்ணினர். ஆனால், அது சுமந்துவந்த ஈரம் ஓயவில்லை. அவ்வீரக்காற்றின் வழியில் சவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை, சேர்வராயன் மலை ஆகியவை நின்றன. மலையில் மோதும் ஈரக்காற்று மேலெழும். மேலெழும் காற்று குளிரும். குளிர்ந்த காற்று தன் சுமையை இறக்கிவிடும். டிசம்பர் 2 ஆம் நாள் காலை எட்டரை மணியுடன் முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் கிருட்டிணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும், பாப்பிரெட்டிப்பட்டிக்கு அண்மையிலுள்ள அரூரில் 33 சென்டிமீட்டரும் மழை பதிவாயின. அதி கனமழைக்குரிய எல்லையே இருபது சென்டிமீட்டரைச் சற்றுக் கடந்ததுதான் என்பதை ஈண்டு நினைவு கூர்தல் வேண்டும்.

ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்த நீர், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த வண்டிகளை உருட்டிச் சென்றது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. வாணியாறு அணையின் உபரிநீர் ஆற்றில் பெருகிற்று. திருவண்ணாமலையில் டிசம்பர் முதல் நாள் மாலை மலைச்சரிவில் மண் சரிந்து, குழந்தைகள் ஐவர் உட்பட ஏழு உயிர்கள் மண்ணுள் புதைந்தன.

தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் பெய்த நீரெல்லாம் ஈற்றில் தென்பெண்ணையையே சேர்ந்தது. தென்பெண்ணையின் குறுக்கே திருவண்ணாமலை மாவட்டத்தில் அமைந்துள்ள சாத்தனூர் அணை, 1958 இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் உயரம் 119 அடி, கொள்ளளவு 7.321 டி.எம்.சி. டிசம்பர் 2 ஆம் நாள் விடியற்காலையில் அவ்வணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. அந்நீர் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றங்கரை ஊர்களைச் சூழ்ந்தது. அகரம்பள்ளிப்பட்டில் தென்பெண்ணையின் குறுக்கே மூன்று திங்களுக்கு முன்பே திறக்கப்பட்டிருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே இருப்புப்பாதைப் பாலத்தை வெள்ளம் நெருங்கியமையால் இரயில்கள் நிறுத்தப்பட்டன. அணைத் திறப்பு பற்றிய முன்னறிவிப்பு போதியதா, அன்றா என்பது குறித்துச் சட்டமன்றத்திலேயே விவாதம் எழுந்தது.

கணக்கு கூறும் பாடம்

செய்தியாகக் கேட்கும்போது 33 சென்டிமீட்டர் என்பது சிறிய எண்ணாகவே தோன்றும். ஓர் அளவுகோலின் நீளந்தானே என்று எண்ணத் தோன்றும். ஆனால், கணக்கிட்டுப் பார்த்தால் அதன் பேருருவம் புலப்படும்.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 40,000 லிட்டர். 33 சென்டிமீட்டர் பெய்தால் ஓர் ஏக்கரில் விழுவது 13 லட்சம் லிட்டருக்கு மேல். பன்னீராயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் நூற்றுப்பத்து வந்து, ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரே நாளில் நீரைக் கொட்டியதற்கு ஒப்பானது இது.

இக்கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டரில் 33 சென்டிமீட்டர் மழை என்பது 33 கோடி லிட்டர். ஒரு டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர். ஆகவே, ஏறத்தாழ 86 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் இம்மழை பெய்தாலே ஒரு டி.எம்.சி. நீர் விழுந்துவிடும். பத்துக் கிலோமீட்டர் நீளமும் ஒன்பது கிலோமீட்டர் அகலமும் கொண்ட நிலப்பரப்பைக் காட்டிலும் இது சிறியதே.

சாத்தனூரிலிருந்து வெளியேறிய நீரையும் எண்ணிப் பார்ப்போம். நொடிக்கு 1,68,000 கன அடி என்பது நொடிக்கு 47 லட்சம் லிட்டருக்கு மேல். இவ்வேகத்தில் நீர் வந்துகொண்டேயிருந்தால், துளி நீரும் இன்றி வெற்றாய்க் கிடக்கும் சாத்தனூர் அணைகூடப் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். ‘இத்தனை அணைகள் இருந்தும் வெள்ளம் ஏன் வந்தது?’ என்று வினவுவோர்க்கு இக்கணக்கே விடையாகும். பெருமழைக்கு முன் அணை என்பது ஒரு குவளையே. நிரம்பிய குவளையில் ஊற்றப்படும் நீர் வழிந்தே தீரும்.

இங்கு ஓர் இக்கட்டு இருப்பதையும் நாம் நேர்மையுடன் உணர வேண்டும். பாசனத்திற்கு அணை நிரம்பியிருத்தல் வேண்டும். வெள்ளத்தைத் தாங்குவதற்கு அணை வெற்றிடம் கொண்டிருத்தல் வேண்டும். வறண்ட மாவட்டத்தில் நவம்பர் இறுதியில் அணையைத் திறந்துவிட்டுப் பின்னர் மழை பொய்த்துவிடுமானால், உழவர்க்கு யார் விடை கூறுவது? திறவாது வைத்துப் பெருமழை வந்துவிடுமானால், கீழேயுள்ள ஊர்களுக்கு யார் விடை கூறுவது? இவ்விக்கட்டைத் தீர்க்கவல்லது துல்லியமான முன்கணிப்பும், மேல்பகுதியில் பெய்யும் மழையளவு உடனுக்குடன் அணைப் பொறியாளரைச் சேர்தலும், அவர் எடுக்கும் முடிவு உடனுக்குடன் கீழ்ப்பகுதி மக்களைச் சேர்தலுமே ஆகும்.

வறண்ட மண் ஏன் வெள்ளத்திற்கு இடந்தருகிறது?

வறண்ட நிலம் நீரை உறிஞ்சிக்கொள்ளும், ஆதலின் அங்கு வெள்ளம் வாராது என்பது பொதுவான எண்ணம். இது பாதி உண்மையே. தூறலையும் மென்மழையையும் வறண்ட நிலம் உறிஞ்சும். பெருமழையை அது உறிஞ்சாது. அதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, மண்ணின் தன்மை. மழைத்துளி வேகமாகத் தாக்கும்போது செம்மண்ணின் நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ளும். மேற்பரப்பில் ஓர் இறுகிய படலம் உருவாகும். அதன்மேல் விழும் நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும்.

இரண்டாவது, அடியிலுள்ள பாறை. இவ்வட்டாரம் கடினப் பாறையின் மேல் அமைந்தது. பாறைக்கு மேலுள்ள மண் பல இடங்களில் ஆழம் குறைந்தது. அது நிரம்பியபின் எஞ்சிய நீருக்குப் போக்கிடம் மேற்பரப்பே.

மூன்றாவது, மலைச்சரிவு. காவிரி போன்ற பேராறுகளில் வெள்ளம் பல நாள் பயணம் செய்து வரும். மக்களுக்கு விலகிச்செல்ல நேரம் கிடைக்கும். வாணியாறு போன்ற குறுகிய மலையாற்றிலோ, மலையில் பெய்த மழை சில மணி நேரத்தில் சமவெளியை அடைந்துவிடும். நம் முன்னோர் இத்தகைய ஆற்றைக் ‘காட்டாறு’ என்று அழைத்தனர். ஊரில் மழையே இல்லாதபோதும் ஆற்றில் நீர் திடீரென வரும் என்னும் எச்சரிக்கை அச்சொல்லுள் அடங்கியுள்ளது.

நான்காவது, மறதி. இதுவே எல்லாவற்றினும் கொடியது. ஆண்டுதோறும் வெள்ளம் காணும் கடலூர்க்காரர் தம் வீட்டை உயர்த்திக் கட்டுவார். எந்தத் தெருவில் முதலில் நீர் ஏறும் என்பதை அவர் அறிவார். பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளம் காணும் ஊரில் அவ்வறிவு ஒரு தலைமுறைக்குள் அழிந்துபோகிறது. ஓடை புறம்போக்கு வீட்டுமனையாகிறது. ஏரியின் வரத்துக் கால்வாய் வயலோடு சேர்க்கப்படுகிறது. கலங்கலின் கீழே கடைகள் எழுகின்றன. பத்தாண்டுகள் எவ்வகைத் தீங்கும் நேராமையால், இனியும் நேராது என்னும் துணிவு பிறக்கிறது. நீரோ தன் வழியை மறப்பதில்லை.

ஏரி என்னும் ஏற்பாடு

தமிழ் நிலத்தின் பழைய நீர் ஏற்பாடு இவ்விரு ஆபத்துகளையும் ஒருங்கே எண்ணி அமைக்கப்பட்டது. ஏரியைப் பாசனத்திற்கென்று மட்டுமே நாம் கருதுகிறோம். உண்மையில் ஏரி ஒரு வெள்ளத் தடுப்பும் ஆகும். மேலேயுள்ள ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குச் செல்லும். இவ்வாறு சங்கிலிபோல் அமைந்த ஏரிகள், மலையிலிருந்து பாய்ந்துவரும் நீரின் வேகத்தைப் படிப்படியாகத் தணித்து, ஆற்றில் மெல்ல விடுகின்றன. நீரின் வேகம் இரட்டித்தால் அதன் தாக்கும் விசை நான்கு மடங்காகும். எனவே வேகத்தைத் தணிப்பதே வெள்ளத்தைப் பாதி வெல்வதாகும்.

இவ்வேற்பாட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் தனிப்பெயர் உண்டு. நீரைக் கொணர்வது வரத்துக் கால்வாய், தேக்குவது கரை, வயலுக்கு விடுவது மதகு, மிகுந்ததை வெளியேற்றுவது கலங்கல். இவற்றுள் கலங்கலும் வரத்துக் கால்வாயும் பழுதுபடுமாயின், ஏரி காப்பது போய் அழிப்பதாக மாறும். வெளியேற வழியில்லாத நீர் கரையை உடைக்கும். ஓர் ஏரி உடைந்தால் அதன் நீர் முழுவதும் ஒரேயடியாக அடுத்த ஏரியின் மேல் மோதும். சங்கிலியின் சிறப்பே அப்போது சாபமாகிவிடும்.

சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊராட்சியின் குழுக்களுள் ஒன்றாக ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகிறது. ஏரியைக் காப்பதற்கென்றே தனிக்குழு அமைத்தவர்கள் நம் முன்னோர். ஊரார் ஒன்றுகூடி ஏரியைப் பழுதுபார்க்கும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. அப்பெயரிலேயே தமிழக அரசு 2017 இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தூர் வாருதல் என்றவுடன் ஏரியின் வயிற்றை ஆழப்படுத்துவதையே பலரும் எண்ணுகின்றனர். வாயாகிய வரத்துக் கால்வாயும், கழிவழியாகிய கலங்கலும் அடைபட்டிருக்க, வயிற்றை மட்டும் ஆழப்படுத்துவதால் வறட்சியும் தீராது, வெள்ளமும் தீராது.

பாப்பிரெட்டிப்பட்டிக்கு அருகே வெங்கடசமுத்திரம் என்றோர் ஊர் உண்டு. கடலைக் காணாத மாவட்டத்தில் சமுத்திரம் எங்கிருந்து வந்தது? பெரிய ஏரியைக் கடலாக மதித்து, ஊர்ப்பெயரில் ‘சமுத்திரம்’ என்று சேர்ப்பது தமிழகத்தில் பரவலாகக் காணப்படும் வழக்கம். ஊர்ப்பெயர் என்பது நீரின் வரலாற்றை எழுதி வைத்த ஏடு. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் தமிழ் மாணவர்களே.

எச்சரிக்கை உயிர் காக்கும்

பெருமழையைத் தடுக்க மனிதனால் இயலாது. உயிர்ச்சேதத்தைத் தடுக்க இயலும். இதற்கு நம் அண்டை நாடாகிய வங்காள தேசம் சான்று. 1970 இல் அங்கு வீசிய புயலில் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. 1972 இல் ஊர்தோறும் தொண்டர்களைக் கொண்ட புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்று அங்குத் தொடங்கப்பட்டது. ஒலிபெருக்கியுடன் வீடு வீடாகச் சென்று எச்சரிப்பது அத்தொண்டர்களின் பணி. உயரமான புகலிடங்களும் நாளடைவில் கட்டப்பட்டன. 2007 இல் வீசிய கடும்புயலான ‘சிதர்’ புயலில் இறந்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ 3,400. ஓர் உயிரும் இழக்கத்தக்கதன்று எனினும், லட்சங்கள் ஆயிரங்களாகக் குறைந்தமை எச்சரிக்கையின் வெற்றியாகும். செல்வம் மிகுதியாக இல்லாத நாடே இதனைச் சாதித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழகத்தில் 2023 டிசம்பர் 17, 18 ஆம் நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டம் இரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்திடையே சிக்கினர். சுற்றிலுமிருந்த ஊர் மக்களே அவர்களுக்கு முதலில் உணவு அளித்தனர். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, பள்ளிவாசல்களும் கோயில் மண்டபங்களும் தேவாலயங்களும் சமயம் பாராது மக்களுக்குக் கதவு திறந்தன. அரசின் படகு வருவதற்கு முன் வந்து சேர்வது அண்டை வீட்டாரின் கையே என்பது இந்நிகழ்ச்சிகளால் விளங்கும். அக்கை ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க படிப்பினை.

செய்யத்தக்கன

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்திற்கும், அதனையொத்த மலையடிவார ஊர்களுக்கும் பொருந்துவன சிலவற்றைக் கீழே தொகுத்துரைப்போம்.

1. வானிலை அறிவிப்பின் நிறங்களை அறிந்திருத்தல். மஞ்சள் நிறம் விழிப்பையும், ஆரஞ்சு நிறம் ஆயத்தத்தையும், சிவப்பு நிறம் உடனடிச் செயலையும் குறிக்கும். புயல் கரை கடந்தது என்ற செய்தியுடன் வானொலியை நிறுத்திவிடுதல் கூடாது. 2024 இல் உள்மாவட்டங்களின் பெருமழை அதன் பின்னரே வந்தது.

2. தரைப்பாலத்தில் நீர் ஓடும்போது கடவாதிருத்தல். ஓடும் நீர் அரையடி ஆழமே இருப்பினும் வளர்ந்த மனிதனை வீழ்த்தவல்லது. ஓரடி நீர் சிறிய மோட்டார் வண்டியை மிதக்கச் செய்யும். இரண்டடி நீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் சென்றுவிடும். கலங்கிய நீரின் அடியில் பாதை இருக்கிறதா, அரிக்கப்பட்டுவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியாது. நேற்றுக் கடந்தோம் என்பது இன்று கடப்பதற்குச் சான்று ஆகாது.

3. அணை திறக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தவுடன் ஆற்றங்கரையிலிருந்து கால்நடைகளையும், நீரேற்றும் மோட்டார்களையும், முதியோரையும் அப்புறப்படுத்துதல். இரவு வரும்வரை காத்திருத்தல் தவறு. சாத்தனூர் வெள்ளம் விடியற்காலையில் விடப்பட்டதை எண்ணுக.

4. மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண்ணையும், மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 என்னும் எண்ணையும் வீட்டுச் சுவரில் எழுதி வைத்தல்.

5. மஞ்சள், மரவள்ளி போன்ற கிழங்குப் பயிர்களின் வேரில் நீர் தேங்கினால் அழுகல் நோய் பற்றும். பருவமழைக்கு முன்பே வயலில் வடிகால் வெட்டிவைத்தல் வேண்டும்.

6. வெள்ளம் வடிந்தபின் கிணற்று நீரைக் குளோரின் இட்டுத் தூய்மை செய்து, காய்ச்சிய பின்னரே பருகுதல். எலிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பாம்புக்கடி ஆகியன வெள்ளத்தைத் தொடர்ந்து வருவன. அறுந்து கிடக்கும் மின்கம்பியையும், நனைந்த மின் சாதனங்களையும் தொடலாகாது.

7. ஓடையிலும் ஏரி நீர்ப்பிடிப்பிலும் மனை வாங்காதிருத்தல். விலை மலிவு என்பதே அம்மனையின் முதல் எச்சரிக்கை என்று கொள்க.

மாணவர்க்கும் முதியோர்க்கும் ஒரு வேண்டுகோள்

இம்மலரைப் படிக்கும் மாணவர் நம் கல்லூரி விடுமுறையில் தத்தம் ஊருக்குச் செல்லும்போது ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம். ஊரிலுள்ள ஏரி, குளம், ஓடை ஆகியவற்றின் பெயர்களைத் தொகுக்கலாம். எந்த ஏரியின் கலங்கல் எந்த ஏரிக்குச் செல்கிறது என்பதை வரைபடமாக வரையலாம். முன்பு வந்த வெள்ளத்தில் நீர் எந்தத் திண்ணை வரை, எந்த மரம் வரை ஏறியது என்பதை முதியோரிடம் கேட்டு எழுதலாம். அந்த உயரத்தைப் பள்ளிக்கூடச் சுவரிலோ பொதுக் கட்டடத்திலோ ஒரு கோடாக வரைந்து ஆண்டைக் குறித்து வைக்கலாம். இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும்.

முதியோரே, நீங்கள் கண்ட வெள்ளத்தை இளைஞருக்குச் சொல்லுங்கள். மழைமானியும் ஆற்று அளவுகோலும் இல்லாத சிற்றூர்களில் உங்கள் நினைவே பதிவேடு. அது எழுதப்படாமல் மறையுமானால், அடுத்த தலைமுறை அதே ஓடையில் வீடு கட்டும்.

ஆசிரியப் பெருமக்கள் இத்தொகுப்பை வகுப்பறைப் பணியாக ஏற்று, ஊராட்சி மன்றங்களிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திடமும் அதன் படியை அளிக்கலாம். நாட்டார் பெயராய்வு என்றும், ஊர்ப்பெயராய்வு என்றும் நாம் செய்யும் ஆய்வுகள் அப்போது ஏட்டில் நில்லாது, உயிர் காக்கும் பணியாகவும் அமையும்.

முடிவுரை

வறட்சியும் வெள்ளமும் வெவ்வேறு துன்பங்கள் என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். பாப்பிரெட்டிப்பட்டி போன்ற வட்டாரத்திற்கு அவை ஒரே நீரின் இரு முகங்கள். வழி அடைபட்ட நீர், தேவையான கோடையில் இல்லாமல் போகிறது. தேவையற்ற ஓர் இரவில் ஊருக்குள் புகுகிறது. வரத்துக் கால்வாயைத் திறந்து, ஏரிக்கரையை வலுப்படுத்தி, கலங்கலைச் செப்பனிட்டு வைத்தால், அதே நீர் கோடையில் கிணற்றில் ஊறும். மழைக்காலத்தில் ஊரை விட்டு ஒதுங்கிச் செல்லும். வறட்சிக்காகச் செய்யும் பணியும் வெள்ளத்திற்காகச் செய்யும் பணியும் ஒன்றேயாதலின், இரண்டுக்கும் தனித்தனியே வருந்த வேண்டுவதில்லை.

வெப்பமாகிவரும் உலகில் 2024 டிசம்பர் போன்றதொரு இரவு மீண்டும் வரும் என்பதை அறிவியல் அறிஞர் வலியுறுத்துகின்றனர். அவ்விரவு எந்த ஆண்டில் வரும் என்பதை எவரும் உரைக்கவியலாது. அது வரும்போது ஓடைகள் திறந்திருக்கவும், எச்சரிக்கை ஒவ்வொரு வீட்டையும் எட்டியிருக்கவும், ஆற்றங்கரைக் குடில்களில் எவரும் உறங்காதிருக்கவும் இன்றே ஆவன செய்வோமாக.